மாலையம்மை நாச்சியாரின் ஐந்தாவது சிறப்பு

நான்காவது பாடம் அன்று மாலை ஐந்து மணியோடு காலாவதியாகிறது என்று காலையில் சுற்றறிக்கை வந்தது.

கரட்டுப்பட்டி மேல்நிலைப் பள்ளியில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது பாடம் போன மாதம்தான் காலாவதியானது. அதில் மிளகு வணிகம் இருந்தது. அது போன நாளிலிருந்து ஊரில் எல்லா வீட்டு ரசமும் சாதுவாகிவிட்டது. மிளகு என்று ஒன்று இருந்ததே யாருக்கும் நினைவில்லை. அதனால் புகாரும் வரவில்லை. வரலாற்று ஆசிரியர் பூவலிங்கத்துக்கு மட்டும் சாப்பிடும்போதெல்லாம் நாக்கில் ஓரிடம் காலியாக இருந்தது.

தலைமையாசிரியை எஸ்தர் ராஜாத்தி சுற்றறிக்கையை அவரிடம் நீட்டினார்.

"படித்துப் பார்த்தேன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

"நாலாவது பாடமா? மாலையம்மை நாச்சியாரா?"

"யாரோ ஒருத்தங்க. நல்லதாப் போச்சுன்னு நினைங்க. டிசம்பருக்குள்ள போர்ஷனை முடிச்சிரலாம்."

"அந்த அம்மா பதினோரு நாள் நாட்டை ஆண்டாங்க டீச்சர்."

"எங்க வீட்டுக்காரர் பதினோரு வருஷம் பஜனை மடத்துக்குத் தலைவரா இருந்தாரு. அவருக்கு ஒரு பத்தி உண்டா?"

பஜனை மடத்துக்கு ஓர் எஸ்தர் ராஜாத்தியின் கணவர் எப்படித் தலைவரானார் என்று பூவலிங்கம் கேட்கவில்லை. அதற்கு நேரமில்லை. சுற்றறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அசலைக் கொண்டுவந்து காட்டி, நகலைச் சரிபார்த்துக்கொள்ளும் பாடங்களுக்கு விலக்கு உண்டு. இடம்: மாவட்ட நடந்தவை சரிபார்ப்பு அலுவலகம்.

எந்தப் பாடம் போனாலும் பூவலிங்கத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. ஆனால் நான்காவது பாடம் போனால் குடும்பமே போய்விடும். விஷயம் அப்படி.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அவர் பெண் பார்க்கப் போனார். வேலைக்குச் சேர்ந்த புதிது. மாப்பிள்ளை ஏதாவது பேசட்டும் என்றார்கள். அவருக்குத் தெரிந்ததைப் பேசினார். மாலையம்மை நாச்சியாரைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பெண்ணின் அப்பா தூங்கிவிட்டார். தரகர் தூங்கிவிட்டார். அவரைப் பெற்ற அம்மாவே தூங்கிவிட்டாள். தூங்காமல் கேட்டவள் பெண் ஒருத்திதான். அவள் பெயர் ஆவுடை. அடுத்த தையில் கல்யாணம் நடந்தது. அந்தப் பாடமே இல்லையென்றால் அன்று அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். பஜ்ஜியைத் தின்றுவிட்டு பஸ் ஏறியிருப்பார்.

பாடக்குறிப்பு நோட்டு வீட்டில் இருந்தது. எடுக்கப் போனார். ஆவுடை கதவைப் பாதி திறந்தாள்.

"யாரு வேணும்?"

"ஆவுடை, நான்தான்."

"உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கு சார். உள்ள வாங்க."

ஐந்து மணிக்குப் போக வேண்டிய பாடம் காலையிலேயே தேயத் தொடங்கியிருந்தது. ஆவுடை விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் காபி கொடுத்தாள். அந்தக் கோப்பையில் அவர் இதுவரை குடித்ததே இல்லை. காபி நன்றாக இருந்தது. அது இன்னும் வேதனையாக இருந்தது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்துருவேன்" என்றார்.

"எதுக்கு சார்?" என்றாள் ஆவுடை, மிகுந்த மரியாதையோடு.

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு மொபெட்டை முடுக்கினார்.

நடந்தவை சரிபார்ப்பு அலுவலகம் வெளியிலிருந்து பார்க்கச் சின்னதாக இருந்தது. உள்ளே ஒரு வராந்தா. நடக்க நடக்க அது நீண்டது. இருபது வருடத்துக்கு ஒரு தண்ணீர்ப்பானை வைத்திருந்தார்கள். முதல் பானையில் பிளாஸ்டிக் தம்ளர் இருந்தது. நான்காவது பானையில் பித்தளைச் சொம்பு இருந்தது. பத்தாவது பானைக்குப் பிறகு கையை ஏந்தித்தான் குடிக்க வேண்டியிருந்தது.

பதினைந்தாவது பானைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். காதில் பாம்படம் தொங்கியது. இடுப்பில் குறுவாள். கையில் ஏழாம் நம்பர் டோக்கன்.

"ஆறாம் நம்பர் போயாச்சாம்மா?" என்று கேட்டார் பூவலிங்கம்.

"உள்ள போயி முந்நூறு வருஷம் ஆச்சு. என் தளபதிதான். வாயைத் திறந்தா மூட மாட்டான்."

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"நான் இருந்தேன்னு ஒரு சான்றிதழ் வேணுமாம். அது இல்லாம செத்ததைப் பதிய மாட்டேங்கான்."

பூவலிங்கம் டோக்கனைப் பார்த்தார். பின்பக்கம் பெயர் எழுதியிருந்தது. மாலையம்மை நாச்சியார். கும்பிடுவதா, வருகைப் பதிவேட்டில் சேர்ப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் எழுதிய பெயர் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, நான் உங்களப் பத்திப் பாடம் எடுக்கிற வாத்தியார்."

"அப்படியா? எத்தனை பேர் கேக்கான்?"

"வகுப்புல அறுபது பேர். கேக்கிறது நாலு பேர்."

"என் சபையில மூணு பேர்தான்" என்றாள் நாச்சியார்.

அப்போது கதவு திறந்தது. அதிகாரி எட்டிப் பார்த்தார். அடர்ந்த மீசை. சட்டைப்பையில் பச்சை மைப் பேனா.

"சார்! நீங்க ஏன் வெளியே நிக்கீங்க? நான் சுடலைமணி சார். பத்தாவது ஆ பிரிவு. கடைசி பெஞ்சு."

"சுடலை! நீயாடே?"

"உள்ள வாங்க சார், உள்ள வாங்க."

நாச்சியார் வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பினாள். "முந்நூறு வருஷமா உக்காந்திருக்கேன். ஒரு பய வாங்கன்னு சொல்லல."

"அவங்க யாரு சார்?"

"அசல்" என்றார் பூவலிங்கம். மூவரும் உள்ளே போனார்கள். தளபதி அங்கே இல்லை. பின்பக்க ஜன்னல் திறந்திருந்தது.

அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் சுடலைமணி அமர்ந்தார். நோட்டைப் பிரித்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நாச்சியார் நின்றபடி பதில் சொன்னாள்.

"ஒன்று. சாலை அமைத்தார்."

"அமைச்சேன். என் வீட்லருந்து கோயில் வரைக்கும்."

"இரண்டு. குளம் வெட்டினார்."

"வெட்டினேன். பாதி."

"மூன்று. சத்திரம் கட்டினார்."

"ஏற்கெனவே இருந்துச்சு. வெள்ளையடிச்சேன்."

"சரி, பராமரிப்பும் கட்டுமானத்துலதான் வரும். நான்கு. மக்கள் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர்."

"ரெண்டு பேர் இல்ல. மத்தவங்க இருந்தாங்க."

"ஐந்து. சாலையின் இருபுறமும் மரங்களை நட்டார்."

நாச்சியார் பூவலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த மரம்?"

பூவலிங்கம் கூரையைப் பார்த்தார்.

உண்மையில் பாடப்புத்தகத்தில் நான்கு சிறப்புகள்தான் இருந்தன. கேள்வியோ ஐந்து மதிப்பெண் கேள்வி. ஐந்து மதிப்பெண்ணுக்கு ஐந்து பாயின்ட் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு வியாழக்கிழமை, மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தபோது, அவர் நாச்சியாருக்கு இரண்டு வரிசை மரங்களைக் கொடுத்துவிட்டார். எல்லா அரசர்களும் நட்டிருந்தார்கள். இவளும் நட்டிருப்பாள் என்று தோன்றியது. அதற்கு முன்னும் பின்னும் அவர் வகுப்பறையில் பொய் சொன்னதில்லை.

"பதினோரு நாள் ஆண்டேன் வாத்தியாரே. பதினோரு நாள்ல கீரைதான் வளரும்."

சுடலைமணி பேனாவை மூடினார். "நகல்ல மரம் இருக்கு. அசல்ல மரம் இல்ல. ஒத்துப் போகல சார்."

"அந்தப் பாயின்ட்ட அடிச்சிருதேன்டே" என்றார் பூவலிங்கம்.

சுடலைமணியின் முகம் வெளுத்தது. "சார், அடிச்சிராதீங்க. சமூக அறிவியல்ல நான் எடுத்தது சரியா முப்பத்தஞ்சு. அதுல இந்த மரம் ஒரு மார்க். அது போனா முப்பத்தி நாலு. நான் பத்தாவது பெயில். இந்த வேலை கிடையாது. வேலையைப் பாத்துத்தான் பொண்ணே கொடுத்தாங்க."

"எனக்கும் அதே கதைதான்" என்றார் பூவலிங்கம்.

"அம்மா, நட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்களேன். என்ன குறைஞ்சிரப் போகுது?" என்று நாச்சியாரிடம் கெஞ்சினார் சுடலைமணி.

"பொய்ச்சாட்சி சொன்னவனை ரெண்டாம் நாள் ஊரை விட்டு விரட்டினேன். நானே சொல்வேனா?"

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு இருபது. பூவலிங்கம் யோசித்தார். மரம் இருந்தால் பாடம் செல்லாது. மரத்தை அடித்தால் கையெழுத்துப் போட அதிகாரி இருக்க மாட்டார். எப்படிப் பார்த்தாலும் ஆவுடை பூப்போட்ட கோப்பையை எடுத்துவிடுவாள். ஆனால் முந்நூறு வருடம் காத்திருந்தவளை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு அவள் நடாத மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற அவருக்கு மனம் வரவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து ஐந்தாவது வரியை ஒரே கோடாக அடித்தார்.

சுடலைமணியின் மீசை உதிர்ந்தது. முழுக்கால் சட்டை முழங்காலுக்கு மேலே ஏறிக் காக்கியானது. சுடலைமணி எழுந்து, பழக்க தோஷத்தில் கையைக் கட்டிக்கொண்டு, தரையில் போய் உட்கார்ந்தான்.

காலியான நாற்காலியில் நாச்சியார் உட்கார்ந்தாள்.

"அம்மா, அது அதிகாரி நாற்காலி."

"காலியா இருந்தா உக்காந்திரணும். நான் ராணியானதே அப்படித்தான். அப்பாடா, முழங்கால் என்னா வலி!"

பூவலிங்கம் கரும்பலகை இல்லாததால் சுவரில் எழுதினார். உடனடித் துணைத் தேர்வு. மாலையம்மை நாச்சியாரின் சிறப்புகளில் ஏதேனும் ஒன்றை எழுதுக. ஒரு மதிப்பெண். நேரம்: அரை மணி.

சுடலைமணி தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டான். ஓரத்தில் கோடு கிழித்தான். முன்னுரை என்று எழுதி அடிக்கோடிட்டான். பிறகு நிறுத்தாமல் எழுதினான்.

"பேப்பர் சார்!"

பூவலிங்கம் கூடுதல் தாள் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் "பேப்பர் சார்!" ஒரு மார்க் கேள்விக்கு ஏழு கூடுதல் தாள் வாங்கினான். கடைசியில் நூல் கேட்டான். நாச்சியார் தன் முந்தானையிலிருந்து ஓர் இழை உருவிக் கொடுத்தாள். கட்டிக் கொடுத்தான்.

மணி நாலு ஐம்பது. பூவலிங்கம் திருத்த ஆரம்பித்தார்.

முதல் தாளில் நாச்சியார் மரம் நட்டிருந்தாள். இரண்டாம் தாளில் அவை புளியமரங்கள் என்று தெளிவுபடுத்தியிருந்தான். மூன்றாம் தாளில் வழிப்போக்கர்கள் நிழலில் இளைப்பாறினார்கள். நான்காம் தாளில் ஒரு வரைபடம். மரங்களுக்குப் பச்சை வண்ணம் தீட்டியிருந்தான்.

"ஏன்டே, அந்த அம்மா எதிர்லயே உக்காந்திருக்காங்க. நடலைன்னு அவங்க வாயாலயே சொன்னாங்க. மறுபடியும் மரமாடே?"

"மனப்பாடம் பண்ணது சார். கை தானா எழுதுது."

பூவலிங்கம் ஐந்தையும் ஆறையும் ஏழையும் அடித்தார். அவர் ஆயுளில் கருணை மதிப்பெண் போட்டதில்லை. அவருடைய சொந்த அக்காள் மகனுக்கே போட்டதில்லை. அக்காள் இன்றும் பேசுவதில்லை. இப்போது விரல் அரித்தது. ஒரு சின்ன ஒன்று. ஒரு குச்சி. அதைப் போட்டால் ஐந்தரை மணிக்கு ஆவுடை அவரைப் பெண்டாட்டி உரிமையோடு திட்டுவாள். நாச்சியார் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு வேறு வழியில்லாமல் கடைசித் தாளைப் புரட்டினார்.

அதில் எழுத எதுவும் மிஞ்சியிருக்கவில்லை போலும். தாள் வாங்கிவிட்டோமே என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்.

'அரசிக்கு முழங்கால் வலி. முந்நூறு வருடம் கழித்து நாற்காலி கிடைத்ததும் அப்பாடா என்றார்.'

பூவலிங்கம் அதை இரண்டு முறை படித்தார். இருபத்தாறு வருடத்தில், தான் கண்ணால் பார்த்ததை ஒரு மாணவன் எழுதி அவர் படிப்பது இதுவே முதல் முறை.

"அம்மா, இது நடந்ததா?"

"நடந்துச்சே. இப்பதானே."

அவர் பக்கத்தில் ஒன்று என்று போட்டார். பெரிதாக, சிவப்பில் போட்டார்.

மீசை திரும்பி வந்தது. முன்னைவிடக் கொஞ்சம் மெலிதாக வந்தது. நாச்சியார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதனால் சுடலைமணி நின்றபடியே பச்சை மைப் பேனாவைத் திறந்தார். பிறகு தயங்கினார்.

"சார், அஞ்சு மார்க் கேள்வி. நாலு பாயின்ட்தான இருக்கு?"

"ஐந்து. அரசிக்கு முழங்கால் வலித்தது. எழுதிக்கடே."

சுடலைமணி எழுதினார். அசலுடன் சரிபார்க்கப்பட்டது என்று முத்திரை குத்தினார். நாலு ஐம்பத்தெட்டு. நாச்சியாருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார். அவள் அதை நான்காக மடித்து வெற்றிலைப் பையில் வைத்தாள்.

"அடுத்து எங்கம்மா போவீங்க?" என்றார் பூவலிங்கம்.

"இருந்தேன்னு ஆயிருச்சு. இனி எங்கயாவது இருக்கணும்ல."

வராந்தா இன்னும் நீளமாகத்தான் இருந்தது. அவளால் நடக்க முடியவில்லை. பூவலிங்கம் மொபெட்டை உள்ளேயே ஓட்டி வந்தார். ஒருக்களித்து உட்கார்ந்தாள். குறுவாள் அவர் விலாவில் குத்தியது. வழியில் கண்ட வேப்பமரங்களை எல்லாம் "இது நான் இல்ல, இதுவும் நான் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டு வாசலில் ஆவுடை நின்றிருந்தாள். மொபெட்டைப் பார்த்தாள். பின் இருக்கையைப் பார்த்தாள். கைகள் இரண்டும் இடுப்புக்குப் போயின.

"யாரு இவ?"

பூவலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்தது.

"நாலாவது பாடம்" என்றார்.

"பாடம்னா பையில வரும். வண்டியில பின்னாடி ஏறி, உங்க தோளைப் பிடிச்சிக்கிட்டா வரும்? காலையில போன மனுசன், போன் எடுக்கல, ஒண்ணும் எடுக்கல. இந்தத் தெருவே பாக்குது. வாயைத் திறந்து பதில் சொல்லுங்க!"

அவருக்கு இன்னும் கொஞ்சம் திட்டு வாங்க வேண்டும் போலிருந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, கண்ணில் தண்ணீரோடு, சிரித்துக்கொண்டே நின்றார்.

நாச்சியார் மெதுவாக இறங்கி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உலை வைத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.