விசாகப்பட்டினத்துக்கு வைக்காத கெடு

என் டீமில் பதினோரு பேர். ஒரு பெரிய ஆடிட்டர் கம்பெனியின் பதினான்கு ஊர் ஆபீஸ்களுக்கும் நெட்வொர்க் அறுந்துபோகாமல் ஹைதராபாத்திலிருந்தே பார்த்துக்கொள்கிறோம். சம்மையா ஒப்பந்த ஆள், ஆறு வருடமாக. அடுத்த மாதம் நிரந்தரமாக வேண்டியவன். நிரந்தரமானால் அவன் அப்பாவுக்கும் மருத்துவக் காப்பீடு. தாண்டூரில் கல் பாலிஷ் போட்டே நுரையீரலைத் தூசியாக்கிக்கொண்டவர் அவர்.

தொலைவில் ஓர் ஆபீஸின் நெட்வொர்க்கை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் கை வைக்கும் முன் அதற்கொரு கெடு வைப்போம். பத்து நிமிடத்தில் நாங்கள் வந்து ரத்து செய்யாவிட்டால் அது தானாகவே அணைந்து, பழைய நிலைக்கே எழுந்துவிடும். நாங்கள் தப்பாக எதையாவது தட்டி இணைப்பு அறுந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

அன்று தணிக்கை அறிக்கைகளுக்குக் கடைசி நாள். மதியம் விசாகப்பட்டினம் ஆபீஸில் ஒரு வைரஸ். பரவும் வழியை உடனே அடைக்க வேண்டும்.

"அக்கா, கெடு வெச்சுட்டு ஆரம்பிக்கிறேன்" என்றான் சம்மையா.

"வேணாம்டா. போன மாசம் ரத்து பண்ண மறந்து ஆபீஸே அணைஞ்சுச்சு, ஞாபகம் இல்லையா? இன்னைக்கு அப்படி ஆனா நம்மள உரிச்சுத் தொங்க விட்டுருவானுங்க. நேரா போடு."

"நீங்க சொல்றீங்களேன்னு செய்றேன்."

போட்டான். கட்டளையில் ஒரு வரி இடம் மாறி விழுந்தது. வைரஸோடு நாங்களும் வெளியே. அங்கே நேரில் போய் அணைத்துப் போட ஆள் வேண்டும். ஸ்விட்ச் அறையின் சாவி வைத்திருந்தவர் அன்னவரம் கோயிலுக்குப் போயிருந்தார். பூட்டை உடைத்து முடிக்க மூன்று மணி நேரம். நானூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் விசாரணை. எங்கள் மேலாளர் சத்யப்ரசாத் சார் ஒரே கேள்விதான் கேட்டார்.

"கெடு ஏன் வைக்கலை?"

சம்மையா என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். குவாரியில் வெடி தப்பினால் மேஸ்திரி எப்போதும் திரி கொளுத்தியவனைத்தான் கைகாட்டுவான். என் அப்பா திரி கொளுத்துகிறவர். மேஸ்திரியின் முகம் அந்நேரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"மறந்துட்டேன் சார்" என்றான் சம்மையா.

"ஆறு வருஷமாச்சு, இன்னுமா மறப்பே?" என்றார் சார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஸ்வரூபா, டீமைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க" என்றார்.

"சரி சார்" என்றேன். அந்த அறையில் நான் பேசியது அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். அவன் அனுமதிகளை நீக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியது தலைவியான நான். காரணம் என்ற கட்டத்தில் 'அஜாக்கிரதை' என்று ஏற்கெனவே டைப் செய்திருந்தது. போட்டேன்.

அடையாள அட்டையை என் மேஜையில் வைத்தான்.

"வியாழக்கிழமை அப்பாவுக்கு ஸ்கேன். 'அடுத்த மாசம் காப்பீடு வந்துரும், கவலைப்படாதே'ன்னு சொல்லி வெச்சிருந்தேன்."

"வேற கம்பெனில எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க சம்மையா. உன்னைப் பத்திச் சொல்றேன்."

"என்னன்னு சொல்வீங்க அக்கா?"

நக்கலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். நான் அட்டையை எடுத்து டிராயருக்குள் போட்டேன். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.