வெண்டலின் சட்டை போட்ட பொம்மை

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசலும் மொட்டையாக இருக்கக்கூடாது. பூசணிக்காய், கட்டுக்கட்டாய்ச் சோளத்தட்டை, நாற்காலியில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை, இவ்வளவும் வேண்டும். அறுவடைத் திருவிழாச் சனிக்கிழமை ஊரே குதிரை வண்டிகளில் ஏறி வந்து வீடு வீடாகப் பார்க்கும். பார்க்கும் என்றா சொன்னேன்? எடை போடும்.

இந்த வருஷம் எடை போட எங்கள் வீடு வாகாக மாட்டியிருந்தது. மரச்சாமான் தொழிற்சாலையை ஜூன் மாதம் மூடினார்கள். அங்கே ஃபோர்மேனாக இருந்த என் புருஷன் வெண்டல் அன்றைக்கு வீட்டுக்குள் போனவன்தான். அப்புறம் வாசலுக்குத் தபால் எடுக்கக்கூட வரவில்லை. எதிர்வீட்டு மார்லா வந்து, தன் கராஜில் கடையில் வாங்கிய பழைய பொம்மைகள் சும்மாதான் கிடக்கின்றன, ஒன்றை எடுத்துக்கொள்ளேன் என்றாள். அந்தக் குரலில் இருந்த இரக்கத்தைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் வீட்டுப் பொம்மை எங்கள் வீட்டிலேயே பிறக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வண்டிகள் போகும்போது எங்கள் வீடு தலை குனிந்து நிற்கக்கூடாது. எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

கையிலிருந்து காசு எடுக்கவில்லை. கிழிந்த தலையணை உறை தலையாயிற்று. வெண்டலின் நீல வேலைச் சட்டை, முட்டி போன ஜீன்ஸ், தொப்பி, தோட்டக் கையுறை எல்லாவற்றையும் ஊக்கு குத்தி ஒன்றாக்கினேன். கால் முனைகளைச் சணலால் இறுக்கி, பெருக்குமாற்றுக் கட்டையை முதுகெலும்பாகக் கொடுத்தேன். முகம் வரைந்தபோது இடது புருவம் தானாகக் கொஞ்சம் மேலே போயிற்று. வெண்டலுக்கும் அப்படித்தான். எட்ட நின்று பார்த்தேன். நானே சொல்லிக்கொள்ளக்கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: தெருவில் அதற்கு ஈடு கிடையாது. எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று சாலையோரமாகவே நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன்.

உள்ளே அடைத்ததில்தான் கோட்டைவிட்டேன். பொம்மைக்குக் கோதுமை வைக்கோல்தான் அடைக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் குதிரைக்கு அது படுக்கை, தின்னாது. என் அண்ணன் கொட்டகையில் சும்மா கிடைத்ததோ தீவனப் புல், வாசனை போகாத நல்ல புல். இரண்டும் காய்ந்ததுதானே என்று திணித்துவிட்டேன். பண்ணையில் பிறந்தவள் செய்கிற காரியமா இது!

சனிக்கிழமை முதல் வண்டி எங்கள் வீட்டு முன்னால் வந்ததும் குதிரை நின்றுவிட்டது. ஓட்டி வந்த கிழவர் எர்ல் கடிவாளத்தைச் சுண்டினார், அதட்டினார். குதிரை கழுத்தை நீட்டிப் பொம்மையின் காலைக் கவ்வி இழுத்து, நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது. ஜீன்ஸ் கழன்றது, சட்டை தொங்கியது, தலை உருண்டது. வண்டி முழுக்கச் சிரிப்பு.

"நான்தான் ஒண்ணு தர்றேன்னேனே ஜோலீன், கேட்டியா நீ?" என்றாள் வண்டியில் இருந்த மார்லா, தேன் ஒழுக.

அப்போது கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வெண்டல் வெறும் சாக்ஸ் காலோடு படியிறங்கி வந்தான். யாரையும் பார்க்கவில்லை. தன் நீலச் சட்டையை எடுத்து உதறி மாட்டிக்கொண்டான். தொப்பியைத் தலையில் வைத்தான். நாற்காலியில் சரிந்து, கையைத் தொங்கவிட்டு, இடது புருவத்தை உயர்த்தி அசையாமல் உட்கார்ந்தான்.

எர்ல் வண்டியிலிருந்து குனிந்து அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, பழசு பொசுக்குன்னு போயிடுச்சு. இது ரொம்பக் கெட்டியா தெரியுதே, உள்ள என்னத்த அடைச்ச?"

"கல்யாணம் ஆன நாள்லேந்து என் சமையல்தான்" என்றேன்.

வண்டியே குலுங்கிச் சிரித்தது. மார்லாகூடச் சிரித்தாள். பொம்மையின் தோளும் குலுங்கியது. என் புருஷன் என்று ஊருக்கே கத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது எனக்கு. அடுத்தடுத்து வண்டிகள் வந்தன, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவன் தொப்பியைத் தொட்டுத் தொட்டு வைத்தான். கடைசி வண்டி போகிறவரை எழுந்திருக்கவில்லை. நானும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை.