இயானெத்தாவுக்குத் தூக்கம் வந்த ஞாயிறு

சவாயித் தீவில் எங்கள் ஊரில் இயானெத்தா என்ற பெண் ஒன்பது வருடம் தூங்கவில்லை. மணவாளனுக்குக் காத்திருந்து தூங்கிப்போன பத்துக் கன்னிகைகளின் வேதக் கதையைச் சொன்ன பழைய போதகர், ஆண்டவர் வரும்போது இந்த ஊர் குறட்டை விட்டுக்கொண்டுதான் இருக்கும் என்று வைதார். அதை அவள் ஒருத்திதான் மனதில் வாங்கிக்கொண்டாள். அன்று திறந்த கண் மூடவில்லை. ஊர் ஒரு மாதம் பயந்தது, பிறகு பழகிக்கொண்டது. பால்குடிப் பிள்ளைகள், காய்ச்சல்காரர்கள், குட்டி போடும் பன்றிகள் எல்லாம் அவள் பொறுப்பானதும் மற்றவர்கள் சுகமாகத் தூங்கினார்கள். சும்மா கிடைக்கிற காவலை யார் வேண்டாம் என்பார்கள்! அவளோ தேய்ந்துகொண்டே வந்தாள். "ஒரே ஒரு தூக்கம் போதும் திரேசா, அதுக்கப்புறம் கர்த்தர் எப்ப வேணா வரட்டும்" என்று தங்கையிடம் அழுவாள்.

பிறகு எலியா போதகர் வந்தார். மெத்தென்ற குரல். புயலில் படகு ஆடும்போது இயேசு தலையணை வைத்துத் தூங்கியதைப் பற்றிப் பேசினார். முழித்திருந்தவர்கள்தான் பயந்தார்கள், தூங்கியவர் பயப்படவில்லை என்றார். இயானெத்தாவின் தலை திரேசாவின் தோளில் சாய்ந்தது. எங்கள் கோயிலில் தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்ப நீளக் கம்போடு ஒருவர் நடப்பார். அவள் கொழுந்தன் லெமேகிதான் அவர். போதகர் மனைவியையே தட்டிய ஆள். வழக்கம்போலக் கம்பை ஓங்கினார், முகத்தைப் பார்த்தார், கை அப்படியே நின்றது. போதகரும் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். உடனே அவள் இமை துடித்தது.

"நிறுத்தாதீங்கய்யா! சத்தம் நின்னா மதினி முழிச்சிரும், அப்புறம் சாகுற வரைக்கும் தூங்காது!" என்று லெமேகி பதறினார்.

போதகர் தொடர்ந்தார். வீடுகளில் சூட்டுக்கல் அடுப்புக்குள் கிழங்கும் தேங்காய்ப்பால் ஊற்றிய கீரையும் தீய்ந்து நாறின. ஞாயிற்றுச் சாப்பாடு போனால் ஊரில் கொலை விழும், அன்று ஒருவரும் எழவில்லை. சாயங்காலம் போதகரின் தொண்டை கட்டிக்கொண்டது. பிரசங்கம் நீளம் என்று வருடக்கணக்காக முனகிய மூப்பர்கள் முறை போட்டுப் பேசினார்கள். திங்கட்கிழமை பெண்கள் பேசினார்கள், ஆண்களைவிட நன்றாகவே. சரக்கு தீர்ந்ததும் வேதத்தின் வம்ச வரலாறுகளை வாசித்தார்கள். அதுவும் தீர்ந்த செவ்வாய்க்கிழமை, சபையில் வாயே திறக்காத லெமேகி மேடையேறி, தன் பன்றிகளின் வம்சத்தை அதே ராகத்தில் சொல்ல ஆரம்பித்தார். திரேசாவின் தோள் மரத்துப்போயிருந்தது, அவள் அசையவில்லை. எங்களுக்கெல்லாம் கண் எரிந்தது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் ஒன்றாக உட்கார்ந்ததே இல்லை.

புதன் மத்தியானம் இயானெத்தா திடுக்கிட்டுக் கண் திறந்தாள். "ஐயோ, நான் தூங்கிட்டேனே! யாரு முழிச்சிருந்தது?"

"ஊரே முழிச்சிருக்கோம், மதினி. நீங்க படுங்க" என்றார் லெமேகி.

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு மறுபக்கம் உட்கார்ந்திருந்தவளின் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். லெமேகி தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பன்றியைப் பற்றிச் சொன்னார்.