டோரான் நின்ற பக்கம்

டோரான் பெயரில் அர்ச்சனை செய்யவேண்டும் என்று சந்திரமதி காளியம்மன் கோயிலில் சீட்டை நீட்டியபோது, குருக்கள் வழக்கம்போல் நட்சத்திரம் கேட்டார். அவள் தன்னுடைய திருவாதிரையையே சொன்னாள். கோத்திரம் தெரியாது என்றாள். தெரியாதவர்கள் எல்லாருக்கும் சொல்வதுபோல் குருக்கள் சிவ கோத்திரம் என்று சொல்லி மந்திரத்தைத் தொடங்கினார். டோரான் ஒரு ஜப்பானியக் கார்ட்டூனில் வருகிற மெக்கானிக் என்பது அவருக்குத் தெரியாது.

அந்தத் தொடரின் பெயர் 'சில்வர் ஹார்பர்'. சனிக்கிழமை மாலைகளில் ஆங்கிலக் குரலோடு தொலைக்காட்சியில் வந்தது. நட்சத்திரம் நட்சத்திரமாக மருந்து கொண்டுபோகிற ஒரு விண்கப்பல். அதன் கேப்டன் ரயன். கப்பலை ஓட்டுகிற பெண் லீனா. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற டோரான். ஒரு தீ விபத்தில் கப்பலைக் காப்பாற்றப்போய் டோரானின் பாதி முகம் வெந்துவிட்டது. அதன்பிறகு அவன் அதிகம் பேசுவதில்லை.

பிடோக்கில் இருந்த அருள்ஜோதி நன்றாகப் படம் வரைவாள். கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் அவளுக்குக் குமாஸ்தா வேலை. ஒருநாள் லீனாவின் படம் ஒன்றை வரைந்து, பிரதி எடுக்க டன்லப் தெருவில் இப்ராஹீமின் போட்டோஸ்டாட் கடைக்குக் கொண்டுபோனாள். இப்ராஹீம் அதைப் பார்த்ததும் இது நம்ம லீனா அல்லவா என்று கேட்டு, ஒரு பிரதியைத் தானே வாங்கிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். அதைப் பார்த்துவிட்டுத் தெருவில் போனவர்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். பஃபலோ ரோட்டில் அண்ணனின் பூக்கடையில் மாலை கட்டுகிற சந்திரமதி வந்தது அப்படித்தான். லீனாவை வரைந்த கை ஏன் டோரானை வரையவில்லை என்று அவள் முதல் பேச்சிலேயே சண்டைக்கு நின்றாள். அந்தச் சண்டைதான் நட்பாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அருள்ஜோதி தங்கை பிரிஜட்டோடு ஓஃபிர் ரோடு மாதா கோயிலிலிருந்து நடந்தே அந்தக் கடைக்கு வந்துவிடுவாள். பக்கத்துக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து முந்தின நாள் பார்த்ததை எல்லாரும் அலசுவார்கள். லீனா யாரைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்பதே பெரிய வழக்கு. ஊரைவிட்டுப் புறப்படும்போது கேப்டனிடம் லீனா வாக்குக் கொடுத்திருக்கிறாள், கொடுத்த வாக்கைக் காப்பதுதான் அன்பு என்று அருள்ஜோதி சொல்வாள். சந்திரமதி விடமாட்டாள். லீனாவின் இருக்கை ஆடுவதைக் கண்டு அவள் கேட்காமலே திருகாணியை முடுக்கிவைத்தது யார், குளிர்க்கோளில் அவளுடைய தேநீர் ஆறாமல் குழாய்மேல் வைத்தது யார் என்று அடுக்குவாள். அவள் தேநீருக்குச் சர்க்கரை போடுவாளா மாட்டாளா என்பதாவது கேப்டனுக்குத் தெரியுமா என்று கேட்பாள்.

"உங்க கேப்டனுக்கு மூஞ்சி இருக்கு. அவ்வளவுதான் லா" என்று ஒருநாள் சொன்னாள். கோப்பிக்கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

அர்ச்சனை செய்த கதையை அவளே வந்து சொன்னபோது அருள்ஜோதி அதைக் கண்டித்தாள். சாமி விஷயத்தில் விளையாடக்கூடாது என்றாள். ஆனால் அடுத்த ஞாயிறு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறபோது, வீட்டாருக்கும் வேலைக்கும் வேண்டியதன் கடைசியில், லீனா கேப்டனிடமே போகட்டும் என்று அவளை அறியாமல் மனம் சேர்த்துக்கொண்டது. அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

தொடர் முடியப்போகிற சமயத்தில் சந்திரமதிக்கு ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் ஆயிற்று. மல்லிகையும் கதம்பமும் ஒன்றாகத் தெரிந்தன. விழித்திரை விலகிவிட்டது, உடனே அறுவை செய்யவேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இரண்டு கண்களையும் கட்டி அசையாமல் படுக்கவைப்பார்கள். கடைசிப் பகுதியைப் பார்க்க முடியாது.

சேர்வதற்கு முன் அவள் அருள்ஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள்.

"கட்டு அவுத்ததும் மொதல்ல நான் பாக்கிறது உன் படமா இருக்கணும்டி. கடைசி சீன். அதுவரைக்கும் யாரும் எங்கிட்ட எதுவும் சொல்லக்கூடாது. சொல்லிடு எல்லார்கிட்டயும்."

அருள்ஜோதி சரி என்றாள். எல்லாரிடமும் சொன்னாள்.

கடைசிப் பகுதியை பிடோக் வீட்டில் பிரிஜட்டோடு உட்கார்ந்து பார்த்தாள். மருந்தெல்லாம் சேர்க்கவேண்டிய கோளில் சேர்ந்துவிட்டது. அங்கே நோயில் தப்பிய பிள்ளைகளுக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வேண்டும் என்று டோரான் தங்கிவிட்டான். லீனா கேப்டனோடு கப்பலில் ஏறினாள். கப்பல் கிளம்பியது. கீழே டோரான் ஒரு நொடி தெரிந்தான். வெறும் இசை. பிறகு பெயர்கள் ஓடத் தொடங்கின.

பிரிஜட் தலையணையைத் தூக்கிப்போட்டுக் குதித்தாள். அருள்ஜோதிக்குக் குதிக்க வரவில்லை. அவளுடைய வேண்டுதல் பலித்துவிட்டது. தோழி ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறபோது பலித்தது இதுதானா, இதற்காகவா அன்று ஒரு மெழுகுவர்த்தியைச் செலவழித்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் கடையில் சந்திரமதியின் அண்ணன் பரமசிவம் வந்து காத்திருந்தார். கடையை விட்டு அதிகம் நகராத மனிதர். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றார். ஆனால் சில வாரங்களுக்கு அவள் குனியக்கூடாது, இருமக்கூடாது, முக்கியமாக அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். லீனா டோரானைக் கட்டிக்கொண்டதாக வரைந்துவிடும்படி அவர் கேட்டுக்கொண்டார். இப்ராஹீமும் அதுதான் நல்லது என்றார். அந்தப் பகுதியை மறுபடி போடப்போவதில்லை, கடைக்கு வருகிற எல்லாரும் அப்படியே சொல்லும்படி தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"ஒரு படம்தானேம்மா. அவ சந்தோஷமா கண்ணத் தொறக்கட்டுமே" என்றார் பரமசிவம்.

அருள்ஜோதியால் அவரிடம் முடியாது என்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து தாளை எடுத்தாள். டோரானுக்குப் பட்டு வேட்டி, லீனாவுக்குக் கூறைப்புடவை, இருவருக்கும் மாலை என்று பென்சிலால் கோடு போட்டாள். மாலையைச் சந்திரமதி கட்டுகிற மாதிரியே இடையிடையே மரிக்கொழுந்து வைத்து வரைந்தாள். படம் அழகாகத்தான் வந்தது. ஆனால் டோரானின் முகத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. இந்த முகத்தைப் பார்த்துச் சந்திரமதி சந்தோஷப்படுவாள். பிறகு வாரம் தவறாமல் கோப்பிக்கடையில் அந்தச் சந்தோஷத்தைப் பேசுவாள். நான் எதிரே உட்கார்ந்து தலையாட்டுவேன். அவளுக்கு மட்டும் தெரியாத ஒன்றை எல்லாரும் அவளைச் சுற்றி நின்று காவல் காப்போம். கண் தெரியாமல் படுத்திருக்கிறவளிடம் செய்யக்கூடிய காரியமா இது என்று அவள் மனம் கேட்டது.

ஆனால் மற்றப் படத்தையும் அவளால் வரைய முடியவில்லை. கப்பலில் லீனாவும் கேப்டனும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிற காட்சியை வரைந்து கொடுத்தால், அது நான் ஜெயித்தேன் என்று சொல்வதாகும். அதுவும் அழக்கூடாத கண்ணுக்கு.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மேசை விளக்குக்குப் பக்கத்தில் இருந்த மாதா சுரூபத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. அந்தக் காட்சியை இதுவரை கப்பலுக்குள் இருந்துதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? தரையில் நின்றவன் பக்கமிருந்து பார்த்தால்? நடந்தது நடந்ததுதான். அதை யார் அருகில் நின்று சொல்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

அப்படி வரைந்தால் டோரான்தான் படம் முழுக்க இருப்பான். அவன் முகம் தெரியவேண்டும். அந்த ஒரு நொடியில் அவன் முகம் எப்படி இருந்தது?

பிரிஜட் அவன் அழுதான் என்றாள். இப்ராஹீம், இல்லை தங்கச்சி, சிரித்தான், பல் தெரிந்தது என்று அடித்துச் சொன்னார். கடைக்கு வந்த இன்னொருவர் டோரான் திரும்பி நின்றதாகவே சொன்னார். எல்லாரும் ஒரே ஒரு முறை பார்த்தவர்கள். அவரவர் மனம் அவரவருக்கு ஒரு முகத்தைக் கொடுத்திருந்தது. அருள்ஜோதிக்கோ அவன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு உயர்த்தியது மட்டும் நினைவிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் பிடோக்கிலிருந்து பஸ் பிடித்துச் சாங்கிக்குப் போனாள். விமான நிலையம் திறந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. சும்மா பார்ப்பதற்கென்றே குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவள் புறப்பாட்டு வாசலுக்கு எதிரே தாளோடு உட்கார்ந்தாள். மெட்ராஸ் விமானத்துக்கு யாரோ ஒரு பெண்ணை வழியனுப்ப வந்த மனிதர் ஒருவரைப் பார்த்தாள். நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார். மாத்திரை எந்தப் பையில், தண்ணீர் யாரிடம் கேட்கவேண்டும் என்று. அந்தப் பெண் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மறைந்த பிறகும் அவருடைய கை இறங்கவில்லை. முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒரு காரியத்தைச் சரியாகச் செய்து முடித்துவிட்டோமா என்று பார்க்கிறவரின் முகமாக இருந்தது. கடைசியில் கையை இறக்கி, பெட்டி கொண்டுவந்த தள்ளுவண்டியைப் பத்திரமாக அதன் இடத்தில் கொண்டுபோய் விட்டார்.

அருள்ஜோதி அந்த முகத்தை வரைந்துகொண்டாள். மனதுக்குள் அவருக்காக மாதாவை வேண்டி ஓர் அருள்நிறை மந்திரமும் சொன்னாள்.

கட்டு அவிழ்க்கிற நாளில் அலுவலகத்தில் அரைநாள் கேட்டுக்கொண்டு போனாள். வார்டில் பரமசிவம் சுவரோரம் நின்றிருந்தார். கல்யாணப் படத்தைத்தான் கொண்டுவந்திருக்கிறாள் என்று நம்பி, நன்றி சொல்வதுபோல் தலையசைத்தார். அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தாதி கட்டை அவிழ்த்தாள். சந்திரமதி நல்ல கண்ணால் முதலில் அண்ணனைப் பார்த்தாள், பிறகு கையை நீட்டினாள். அருள்ஜோதி தாளைப் பிரித்து அவள் முன்னால் பிடித்தாள்.

படத்தில் டோரான் பெரிதாக நின்றான். வெந்த பக்கமும் வேகாத பக்கமும் நேராகத் தெரிந்தன. கை உயர்ந்திருந்தது. இடுப்பில் ஸ்பேனர். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தபடி அந்தக் கோளின் பிள்ளைகள். பின்னால் பாதி பிரித்துப்போட்ட தண்ணீர் இயந்திரம். மேலே, தூரத்தில், கப்பல் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாக இருந்தது.

பரமசிவம் படத்தை எட்டிப் பார்த்தார். அவர் முகம் வாடியது. தங்கையின் கண்ணை அவர் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

சந்திரமதி அந்த வெள்ளைப் புள்ளியின்மேல் விரலை வைத்தாள். பிறகு கடைசிப் பகுதி வந்த மாலையைப் பற்றிச் சொன்னாள். வார்டின் கோடியில் ஒரு தொலைக்காட்சி இருந்ததாம். பக்கத்துக் கட்டில் சம்சுன்னிசா அக்காள் அதன் சத்தத்தைக் கூட்டிவைக்கச் சொன்னாராம். இவள் படுத்தபடியே எல்லாவற்றையும் காதால் கேட்டுவிட்டாள். லீனா கேப்டனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், கதவு மூடியதும், கப்பல் கிளம்பியதும்.

"அவ போயிட்டான்னு எனக்குத் தெரியும்டி. அதுக்கப்புறம் வெறும் மியூசிக். அந்த நேரத்துல அவன் எப்படி இருந்தான்னு மட்டும் தெரியல. அக்காகிட்ட கேட்டா, அவங்க கண்ணாடி போடலையாம்."

பக்கத்துக் கட்டிலில் சம்சுன்னிசா அக்காள் அது உண்மைதான் என்று தலையாட்டினார்.

பரமசிவம் நிமிர்ந்தார். தங்கையின் கண் வறண்டு, தெளிவாக இருந்தது. அவர் சுவரை விட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மரிக்கொழுந்து மாலை வரைந்த இன்னொரு தாள் வீட்டு மேசை இழுப்பறையில் கிடப்பதை அருள்ஜோதி நினைத்தாள். அதைக் கொண்டுவந்திருந்தால் இந்தப் பெண் அதைப் பார்த்துச் சிரித்து, நன்றி சொல்லி, கேட்க நினைத்ததைக் கேட்காமலே விட்டிருப்பாள்.

"அழறானா, சிரிக்கிறானாடி?" என்று சந்திரமதி கேட்டாள்.

அது தனக்குத் தெரியாது, ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று அருள்ஜோதி உள்ளதைச் சொன்னாள். நீயே பார்த்துச் சொல் என்றாள்.

சந்திரமதி தாளைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள். முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பிரித்துப்போட்ட இயந்திரத்தைப் பார்த்தாள். உதட்டோரம் மெல்ல அசைந்தது.

"ரெண்டும் இல்ல. கைய எறக்கினதும் வேலைக்குப் போயிடுவான். பிள்ளைங்களுக்குத் தண்ணி வேணும்ல" என்றாள்.

பிறகு படத்தைச் சம்சுன்னிசா அக்காளும் பார்க்கிற மாதிரி திருப்பிப் பிடிக்கச் சொன்னாள். அக்காள் இம்முறை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான், ஆனாலும் வாக்குக் கொடுத்த பெண் கேப்டனோடு போனதுதான் முறை என்றார். சந்திரமதி தலையை அசைக்காமல், குரலை மட்டும் உயர்த்தி, குளிர்க்கோளில் ஆறாமல் வைத்த தேநீரின் கதையை முதலிலிருந்து தொடங்கினாள். தாதி வந்து மெதுவாகப் பேசச் சொன்னாள். பரமசிவம் எழுந்து, எல்லாருக்கும் கோப்பி வாங்கிவரக் கீழே போனார்.