அலமாரியில் பாதி

ஜகார்த்தாவில் வேலை கிடைத்த செய்தி வந்த அன்றே லம்ரியா எங்கே தங்குவாள் என்பதும் முடிவாகிவிட்டது. அவளைத்தான் யாரும் கேட்கவில்லை. சொந்த ஊரான போர்சியாவில் அப்பா மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஜகார்த்தா பக்கத்துல, பெக்காசியில அத்தை வீடு இருக்கு. அங்கதான். இல்லேன்னா வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

எங்கள் பத்தாக் ஜனத்தில் அத்தை வீட்டில் போய்த் தங்குவதென்றால் சும்மா தங்குவதில்லை. அத்தைக்கு ஒரு மகன் இருந்து, அவனுக்குக் கல்யாணமும் ஆகாமல் இருந்தால், முடிந்தது கதை. லம்ரியாவின் அத்தைக்குப் பின்சார் இருந்தான். முப்பத்து மூன்று வயது, கார் பழுது பார்க்கும் கடையில் வேலை, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவன். அவனுக்கும் அவளுக்கும் பிறந்ததிலிருந்தே முறை. அந்த வீட்டுக்கு லம்ரியாவின் மனுருங் குலத்துப் பெண்கள் மருமகளாகப் போவது அத்தைக்கும் முந்தி இருந்தே நடக்கிற காரியம்.

வியாழக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினாள். கையில் அம்மா கொடுத்தனுப்பிய மசாலா மீன், முழுசு முழுசாக, வாழையிலையில் சுற்றியது. அண்ணன் வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்கு மீன் போவது வழக்கம்தான். ஆனால் பெண் கொடுக்கிற வீட்டார் கொண்டுபோவதும் அதே மீன்தான். அத்தை பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் கையாலேயே கொண்டுவந்துட்டியா மருமகளே! பாருடா பின்சார், ஒரு வால் முறியல!"

"விமானத்துல மடியிலேயே வச்சிருந்தேன் அத்தை. அதான்."

"அதான் இல்லடி. நேரம் வந்தா எல்லாம் முறியாம வரும்."

பிறகு அறையைக் காட்டினாள். புது மெத்தை, புதுத் திரைச்சீலை, சுவரில் பெயிண்ட் வாசனை. அலமாரியைத் திறந்தால் ஒரு பாதி காலி. மறு பாதியில் ஆம்பிளைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின.

"இது யார் அறை அத்தை?"

"பின்சார் அறைதான். அவன் இப்போ கூடத்துல படுத்துப்பான். சட்டை அங்கேயே கிடக்கட்டும்னு விட்டுட்டேன். எதுக்கு எடுத்து எடுத்து வைக்கணும்?"

லம்ரியாவுக்கு அந்தப் புதுத் திரைச்சீலையைப் பிடித்துக் கிழிக்கலாம் போல இருந்தது. அத்தை பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். வருகிற ஞாயிறு சர்ச்சில் அறிவிப்பு வாசிப்பார்கள். இந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் என்று அவள் பெயரைச் சொல்வார்கள், அவள் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான், மூப்பரிடம் சொல்லியாகிவிட்டது. அவ்வளவுதானாம்! பெக்காசியில் இருக்கிற மொத்த ஜனமும் அங்கே உட்கார்ந்திருக்கும். பின்சார் வீட்டுக்குக் குடிவந்த முறைப்பெண் என்று ஒரு தடவை எழுந்து நின்றுவிட்டால், அப்புறம் ஆலோசனை ஒன்றுதான் பாக்கி, எந்த மாதத்தில் கல்யாணம் என்று.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்று அன்றைக்கே மனதில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ரயிலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வேலைக்குப் போனாள். இன்ஷூரன்ஸ் அலுவலகம். பக்கத்து மேசைப் பெண் ஒரு தெருவைச் சொன்னாள், நடந்தே போய்விடலாம், பெண்கள் மட்டும் தங்குகிற வாடகை அறைகள் நிறைய உண்டு என்று. வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தாள். அறை நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்காரம்மாள் ஐம்பது வயதுக்காரி, குண்டாக, சிரித்த முகமாக இருந்தாள்.

"பேரு?"

"லம்ரியா."

அம்மாள் முகம் மலர்ந்தது. "நம்ம பத்தாக் பொண்ணா! எந்தக் குலம்?"

இங்கேதான் எங்கள் ஆட்கள் கெட்டார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாக்கு தானாகச் சொல்லிவிடும்.

"மனுருங்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பிரயோஜனம்?

"அடி ஆத்தீ! எங்க அம்மாவும் மனுருங்தான்! அப்போ உங்க அப்பா எனக்கு மாமன். நீ எனக்கு மதினி முறை! உட்காரு மதினி, உட்காரு. இங்க சொந்தக்காரங்க யாரு இருக்காங்க?"

"யாரும்... பெக்காசியில ஒரு அத்தை."

"யாரைக் கட்டியிருக்காங்க?"

"மர்பாவுங் குலத்துல."

டீ வந்தது, வறுத்த வாழைப்பழம் வந்தது. அவள் ஒரு வாய் கடிப்பதற்குள் வீட்டுக்காரம்மாள் போனில் யாரையோ கேட்டு, அவர் இன்னொருவரைக் கேட்டு, அத்தையே லைனுக்கு வந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடிக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் தெருவே கேட்கச் சிரித்தார்கள். போனை வைத்துவிட்டு வீட்டுக்காரம்மாள் லம்ரியாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"அத்தை வீடு இருக்கும்போது என் வீட்டு அறையை உனக்குக் கொடுத்தா நாளைக்கு எந்த மூஞ்சியோட விசேஷத்துக்குப் போவேன்? கோவிச்சுக்காத மதினி. பழத்தைச் சாப்பிடு."

வீட்டுக்குப் போனால் அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

"உனக்கு இங்க என்ன குறை? மெத்தை சரியில்லையா?"

"தூரம் அத்தை. போக வரவே பாதி நாள் போயிடுது."

"தூரம்! நானும்தான் டைப் அடிக்கிற வேலைக்குன்னு இதே வீட்டுக்கு வந்தேன். தூரம்னு சொன்னேனா?"

"அந்த வேலை என்ன ஆச்சு?"

அத்தை இன்னொரு மீன் துண்டை அவள் தட்டில் வைத்தாள்.

சனிக்கிழமை காலையில், அத்தை சந்தைக்குப் போன நேரம், பின்சார் வாசலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நின்றான்.

"ஏறு. உன் ஆபீஸுக்குக் கிட்ட, மங்கராய் பக்கம் ஒரு ஜாவாக்காரம்மா வீடு இருக்கு. குலம் கோத்திரம் எதுவும் கேட்க மாட்டாங்க."

லம்ரியா அவனை உற்றுப் பார்த்தாள். "அத்தைக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்னைக் கொல்லுவாங்க. தெரியாட்டியும் கொல்லத்தான் போறாங்க."

"என்னைப் பிடிக்கலையா உங்களுக்கு?"

"உன்னை எனக்குத் தெரியவே தெரியாதே," என்றான் அவன். "என் பாதிச் சட்டை மூட்டையில கிடக்கு. எதைப் போட்டுக்கணும்னு என்னை யாரும் கேட்கல. உன்னை மட்டும் கேட்டிருப்பாங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெக்காசிக்கு வந்த பிறகு சிரித்த முதல் சிரிப்பு அது.

ஜாவாக்காரம்மாள் ஆண்கள் படி ஏறக்கூடாது என்றாள், ராத்திரி கதவைப் பூட்டிவிடுவேன் என்றாள், வேறொன்றும் கேட்கவில்லை. அறையில் ஒரு கட்டிலும் ஒரு துணிக்கொடியும்தான் இருந்தன. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். லம்ரியா கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நன்றாக இருந்தது அவளுக்கு. முன்பணம் கொடுத்துச் சாவியை வாங்கினாள்.

"நீங்களும் எங்கயாவது போயிடுங்களேன்," என்றாள் திரும்பும்போது.

"ஒரு தடவை போனேன். அம்மா வந்து அந்த வீட்டு வாசல்ல உட்கார்ந்துட்டாங்க," என்றான் பின்சார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு சாயங்காலமே கிளம்பிவிடுவது என்றுதான் திட்டம். ஆனால் வீட்டு வாசலிலேயே செருப்பு வைக்க இடமில்லை. உள்ளே மர்பாவுங் வீட்டுப் பெண்கள் கூடம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள், அடுப்பில் பன்றிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. ஒருத்தி அவள் கையைப் பிடித்து வளையல் அளவு பார்த்தாள். இன்னொருத்தி உயரம் சரிதான் என்றாள். இவர்கள் நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எப்படி வெளியே போவது? கூட்டம் கலைந்தபோது அத்தை அசந்து தூங்கிவிட்டாள். நாளைக்குக் காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள் லம்ரியா. காலையில் அத்தை அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். அப்போதும் வாய் வரவில்லை.

சர்ச்சில் அத்தை ஒரு பக்கம், பின்சார் மறு பக்கம், நடுவில் இவள். வலது கைக்குள் சாவியை வைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. மூப்பர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அறிவிப்புகளை வாசிக்க ஆரம்பித்தார். நோயாளிகள், ஞானஸ்நானம், பாடகர் குழு. பிறகு அது வந்தது.

"மர்பாவுங் வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கும் லம்ரியா மனுருங். எழுந்து நிற்கவும்."

தலைகள் எல்லாம் திரும்பின. லம்ரியா எழவில்லை. சாவியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"எழுந்திரு," என்றாள் அத்தை உதடு அசையாமல்.

அவள் எழவில்லை. பின்சார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லம்ரியா மனுருங்," என்று மூப்பர் மறுபடியும் வாசித்தார்.

அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பிடித்த இடத்தில் சாவி உறுத்தியது. அவள் விரல்களைப் பிரிக்காமலே அத்தை தடவிப் பார்த்தாள். அது என்னவென்று அத்தைக்குப் புரிந்துவிட்டது.

"இதே பெஞ்சுதான்," என்றாள் அத்தை, மிகவும் மெதுவாக. "எங்க அத்தை என் தொடையில கிள்ளி எழுப்பினா. ரெண்டு மாசம் தங்கிட்டு வேற இடம் பார்க்கிறேன்னு வந்தவ நான். டைப் அடிக்க ஒரு நாள்கூட போகல."

லம்ரியா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். அத்தை அவளைப் பார்க்கவில்லை. கையை விட்டாள், தோள் துணியைச் சரிசெய்தாள், எழுந்து நின்றாள்.

"அறிவிப்புல தப்பு இருக்கு மூப்பரே," என்றாள், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி. "அவ எங்க வீட்டுல குடியிருக்கல. மீன் கொண்டுவந்து கொடுத்துட்டுப் போக வந்தா. ஆபீஸ் பக்கத்துல அறை. நான்தான் பார்த்துக் கொடுத்தேன்."

மூப்பர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார், அடுத்த அறிவிப்புக்குப் போனார். எங்கோ பின்னால் பெண்கள் குசுகுசுத்தார்கள். பின்சார் மூச்சு விட்டது லம்ரியாவுக்குக் கேட்டது. அவளுக்கு அத்தையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, பிடித்தும் கொண்டாள்.

அத்தை உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

"சாவி எத்தனை கொடுத்தாங்க?" என்றாள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுதான் அத்தை."

"வீட்டுக்குப் போற வழியில கடை இருக்கு. இன்னொண்ணு வெட்டச் சொல்லு. எங்கிட்ட இருக்கட்டும்."