வயிறு வைத்த பாய்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் லொறிச் சரக்கை மூடும் படங்கு தைப்பதில் ஆறாயியை அடிக்க ஆள் இல்லை. அந்தத் திறமைதான் அன்று அவள் காலை வாரிவிட்டது. கடைவாசலில் விரித்துப் போட்டிருந்த படகுப் பாயைப் பார்த்ததும் வெள்ளைக்காரி டொரீன் தலையில் கை வைத்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டொரீனும் புருஷன் கீத்தும் பென்சன் எடுத்த கையோடு இங்கிலாந்து வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஒரு சின்னப் பாய்ப்படகில் உலகம் சுற்றக் கிளம்பியவர்கள். சாப்பாடு, கயிறு, துறைமுகக் கட்டணம் எல்லாம் அந்த வாடகைப் பணத்தில்தான். தொண்ணூற்றிரண்டு செப்டெம்பரில் அவர்களுடைய பவுணின் மதிப்பு தலைகுப்புற விழுந்தது. அதன் பிறகு எந்தக் கரையில் இறங்கினாலும் அதே பவுணுக்குக் குறைவான அரிசிதான் கிடைத்தது. தை மாதம் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது பெரிய பாய் கிழிந்திருந்தது. புதுப் பாய்க்கு டொலரில் விலை, வாங்க வழியில்லை. பழையது சரிவராவிட்டால் படகை இங்கேயே விற்றுவிட்டு விமானம் ஏறுவதென்று கீத் முடிவு கட்டியிருந்தான். அவர்களை ஆறாயியிடம் கூட்டி வந்த பக்கத்து டயர்க் கடை நிலாம்தான் இந்தக் கதையெல்லாம் சொன்னார்.

"வெள்ளக்காரங்க காசும் எளைக்குமா நானா?" என்று கேட்டாள் ஆறாயி. நிலாமை அண்ணன் முறையில் அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏன் எளைக்காது? இந்த மனிசங்க இப்ப பாணும் பருப்பும்தான் தின்னுற."

ஆறாயிக்கு முதலில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் துரையின் நிழலுக்கே ஒதுங்கி நின்றவர்களின் மகள் அவள். மறுநிமிஷம் வெயிலில் வெந்து தோலுரிந்த டொரீனின் மூக்கைப் பார்த்து மனம் கரைந்துபோயிற்று.

அந்த இரக்கத்தில்தான் தப்பு நடந்தது. லொறிப் படங்கு தொய்யக் கூடாது. தொய்ந்தால் மழைத்தண்ணீர் தேங்கிக் கிழித்துவிடும். பாய் நடுவில் தொய்ந்து கிடப்பதைக் கண்டவள், பாவம், கடலில் இழுபட்டிருக்கிறது என்று நினைத்தாள். கிழிசலை அடைத்ததோடு நிற்காமல் தையல் மூட்டுகளைப் பிரித்து, தொய்வையெல்லாம் வெட்டியெடுத்து, பாயைக் கரும்பலகை போலத் தட்டையாக்கிவிட்டாள். கேட்காத வேலையைச் செய்துகொடுத்த பெருமையில் வேறு இருந்தாள்.

டொரீன் எழுந்து இரண்டு கைகளாலும் தன் வயிற்றுக்கு முன்னால் பெரிய வளைவு ஒன்று போட்டுக் காட்டினாள். மறுபடியும் காட்டினாள். ஆறாயி உள்ளே ஓடிப்போய்க் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். டொரீன் மரியாதைக்குக் குடித்துவிட்டு மூன்றாம் தடவையும் வளைவு போட்டாள். நிலாம்தான் சிரிப்பை அடக்க முடியாமல் வந்தார்.

"வயித்துவலி இல்ல புள்ள. பாய்க்கு வயிறு வேணுமாம். காத்து போய் உக்கார."

வெட்டிய துணி ஏற்கெனவே லொறிக்காரர்களின் கையில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தது. தன் கத்தரிக்கோல் இரண்டு மனிதர்களின் பயணத்தையே வெட்டிவிட்டதே என்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் குனிந்தபோது தன் ரவிக்கை கண்ணில் பட்டது. தட்டைத் துணியை உடம்புக்குத் தக்கபடி வளைக்கத்தானே ரவிக்கையில் பிடிப்புப் பிடிக்கிறோம்? பாய்க்கு அங்கங்கே ஆப்பு வடிவில் துண்டு கொடுத்தால் வயிறு வந்துவிடும். அதற்கு உறுதியான துணி வேண்டும். கடையில் கிடந்தது நிலாமின் கடைமுகப்புக்கு வெயில் மறைக்கத் தைத்து வைத்திருந்த சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணி மட்டும்தான்.

"வெட்டுங்க. வெயில் எனக்குப் புதுசா?" என்றார் நிலாம்.

தன் புருஷன் இருளப்பன் பாயைப் பிடித்துக் கொடுக்க, டொரீன் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட, ஆறாயி தைத்தாள். முடிந்ததும் டொரீன் பணப்பையைத் திறந்தாள். ஆறாயி நிலாமைப் பார்த்தாள்.

"பாதி போதும்னு சொல்லுங்க நானா. மீதிக்கு, காலிமுகத்திடல் கடற்கரைக்கு நேரா வந்து பாயை ஏத்தணும். நான் பாக்கணும்."

துறைமுகத்துக்கு இத்தனை பக்கத்தில் குடியிருந்தும் பாஸ் இல்லாமல் அவளை ஒருநாளும் உள்ளே விட்டதில்லை.

படகு புறப்பட்ட அன்று போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி, ஆறாயியும் இருளப்பனும் நிலாமும் காலிமுகத்திடலுக்கு வந்து சேர்ந்தார்கள். துறைமுகத்திலிருந்து இயந்திரத்தில் ஓடி வெளியே வந்த படகு தூரத்தில் நின்றது. பாய் ஏறியது. ஏறியதும் ஈரத்துணி மாதிரித் துவண்டு படபடத்தது.

"கிழிஞ்சா நீந்திப் போய்த் தைச்சுக் குடுத்துட்டு வா" என்றான் இருளப்பன். ஆறாயி காதில் வாங்கவில்லை.

காவலுக்கு நின்ற சிப்பாய் சந்தேகத்தோடு நெருங்கி, என்ன பார்க்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான்.

"அர ருவல மம மெஹுவே" என்றாள் ஆறாயி. அந்தப் பாயைத் தைத்தது நான்.

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தான். வெகுநேரம் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பிறகு மெல்லச் சிரித்து, துப்பாக்கி தொங்கிய தோளை ஒதுக்கிக்கொண்டு, தன் வயிற்றுக்கு முன்னால் கையால் ஒரு வளைவு போட்டுக் காட்டித் தொலைநோக்கியை அவளிடம் நீட்டினான்.

நிலாமின் கடைக் கோடுகள் புடைத்து நிமிர, படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. இருளப்பன் தன் முறைக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.