ஆமை எழுந்திருக்கும் விதம்

டைல் பதிக்கும் கூட்டத்தில் அவளுக்கு ஆமை என்று பட்டப்பெயர். உட்கார்ந்தால் ஒரு குளியலறையை ஒரே மூச்சில் முடிப்பாள். எழுந்திருக்க மட்டும் நல்ல நேரம் பார்ப்பாள். கால்விரலை மடக்கி, கெண்டைக்காலை இறுக்கி, ஒரு முட்டியை ஊன்றிக் கொஞ்சம் இருந்து, அப்புறம்தான் நிமிர்வாள். சட்டென எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும்.

அன்று கட்டடத்தில் மருத்துவப் பரிசோதனை. நர்ஸ் அவளைப் பெஞ்சில் படுக்கவைத்து பிரஷர் பார்த்தாள். உடனே எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தாள்.

"எழுந்ததும் பிரஷர் இருபத்திநாலு இறங்குதும்மா. இருபதுக்கு மேல இறங்கினா மாடியில வேலை கூடாதுன்னு கம்பெனி உத்தரவு."

மேஸ்திரி அவளுடைய சொந்த அண்ணன். தங்கைக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று பார்த்தால், "நாளையிலேருந்து கீழே மணல் சலிக்கட்டும்" என்று முந்திக்கொண்டான்.

பதினோரு வருஷம் மட்டம் பார்த்த கை மணல் சலிப்பதா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது எதனால வருது?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"பல காரணம் இருக்கு. சிலருக்குப் பரம்பரையாவும் வரும். வீட்ல யாருக்காவது இருக்கா?"

"அப்பா எழுந்ததும் தூணைப் பிடிச்சுக்குவாரு." அவள் திரும்பினாள். "அண்ணா, நீ படு."

"எனக்கெதுக்கு? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

அவன் எழுந்ததும் சுவரில் கை வைத்து நிற்பதை மேஸ்திரி மிடுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்க முடியாமல் படுத்தான். எழுந்தபோது பிடிக்கச் சுவர் இல்லை. உதடு வெளுத்து, தங்கையின் தோளைப் பற்றினான்.

"முப்பத்தொண்ணு" என்றாள் நர்ஸ்.

யாரும் சிரிக்கவில்லை. தங்கை அண்ணனை மறுபடி படுக்கவைத்தாள். "விரலை மடக்கு. காலை இறுக்கு. கொஞ்சம் உக்காரு. இப்ப எழு." இந்த முறை பன்னிரண்டுதான் இறங்கியது.

"எனக்கும் இப்படியே பாருங்க. நான் தினமும் இப்படித்தான் எழுந்திருக்கறேன். துள்ளி எழச் சொல்லி அளந்துட்டு, ஆகாதவள்னு எழுதுறீங்களே."

நர்ஸ் அப்படியே பார்த்தாள். ஒன்பது.

நர்ஸ் பேனாவை உருட்டினாள். "இப்படி அளக்க உத்தரவு இல்லையே. உங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு அளவையும் எழுதிடறேன். முடிவு கம்பெனி கையில."

அண்ணன் தலை நிமிராமல் சொன்னான்: "கம்பெனிகிட்ட நான் பேசறேன்."

"வேணாம்ணா. எனக்காக நீ பேசினதைத்தான் கொஞ்சம் முன்னாடியே கேட்டேனே. நம்ம ரெண்டு பேருக்கும் நான் பேசறேன்."